இருபத்தேழு ஹெச்.பி.யும் ஒரு பக்கெட் சேறும்

20 ஜனவரி 2025, திங்கள்

இன்று காலை முதலாளியிடம் கொடுத்த தாளில் ஒரு தப்பு செய்திருக்கிறேன். சின்னத் தப்புதான். மூன்றாவது வரியில் எஞ்சினின் சக்தியை எழுதிவிட்டேன். அங்கே வரவேண்டியது, டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில் கிடைக்கிற சக்தி. அந்தத் தண்டை பி.டி.ஓ. என்பார்கள், புல்வெட்டியைச் சுழற்றுவது அதுதான். எஞ்சினில் இருபத்தேழு ஹெச்.பி. இருந்தால், கியர்களில் தேய்ந்து தண்டுக்கு வந்து சேர்வது இருபத்து மூன்று. நான் இருபத்தேழையே போட்டு, பக்கத்தில் ‘போதும்’ என்று எழுதி, அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அடிக்கோடு எதற்கு என்று இப்போது எனக்கே புரியவில்லை.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. இந்த வகைப் புல்வெட்டிக்கு ஓரடி அகலத்துக்கு ஐந்து ஹெச்.பி. வேண்டும். முதலாளி பார்த்து வைத்திருப்பது ஐந்தடிப் புல்வெட்டி. ஆக இருபத்தைந்து. கிடைப்பது இருபத்து மூன்று. ஐந்தாவது படிக்கிற பிள்ளைகூட இதைக் கழித்துப் பார்த்திருக்கும்.

கண்டுபிடித்ததும் நானில்லை. ராயபுரத்தில் மாலை வகுப்பில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறேன். பக்கத்துப் பெஞ்சில் வால்டர். பகலில் தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். தாளின் நகலை அவனிடம் பெருமையாகத்தான் காட்டினேன்.

“இருபத்தேழு எங்க அளந்தது?” என்றான்.

“ஃபோட்டோவுல வண்டி மேல ஸ்டிக்கர்ல போட்டுகீதே.”

“ஸ்டிக்கர் புல்லு வெட்டுமா உஸ்மா?”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாடத்தை எழுதத் தொடங்கினான். இன்னும் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இந்தத் தாள் எதற்கு வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். திருவொற்றியூரிலிருந்து மணலி போகிற சாலையில் காலி கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் ஒரு யார்டு. அதன் பராமரிப்பு வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருப்பவர் எங்கள் முதலாளி மாசானம். நான் அவரிடம் ஸ்டோர்ஸ் கிளார்க். மழைக்குப் பிறகு யார்டின் சுவரோரம் முழுக்கப் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. மழைநீர் வடிகாலில் சாம்பல் நிறச் சேறு கல்லாக உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் புல்லும் போக வேண்டும், சேறும் போக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று யார்டின் பாதுகாப்பு அதிகாரி கடிதம் கொடுத்திருக்கிறார். கன்டெய்னர் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்பதடிதான் இடம். ஜேசிபி உள்ளே போனால் திரும்ப முடியாது. அதனால் சின்ன டிராக்டர் ஒன்று. பின்னால் புல்வெட்டி, முன்னால் சேறு அள்ளும் பக்கெட்டோடு லோடர். ஒரே வண்டி, இரண்டு வேலை. இது முதலாளியின் யோசனை. யோசனையில் தவறில்லை. தவறு அவர் கேட்கிற கேள்வியில்தான் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் எந்த இயந்திரத்தைக் கண்டாலும் முதலில் கேட்பது “எத்தனை டன்?” என்றுதான். சரக்கைத் தூக்கும் மூன்று டன் ஃபோர்க்லிஃப்ட், கன்டெய்னரை அடுக்கும் நாற்பத்தைந்து டன் ஸ்டேக்கர் என்று துறைமுகத்தில் பழகிய வாய்கள். எந்தப் பக்கத்தால் தூக்கும், எங்கே நின்று தூக்கும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் டன் கேட்பார்கள் போலிருக்கிறது. எங்கள் முதலாளி துறைமுகத்துக்குள் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. ஊரிலிருந்து வந்து முப்பது வருடத்தில் அங்கிருந்து அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வண்டி வந்தால் ஓட்டப்போவது கிருஷ்ணப்பன். துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். இப்போது எங்களிடம் தினக்கூலி. டிராக்டர் வாங்கினால் அவர்தான் நிரந்தர ஆபரேட்டர் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கு இப்போது என் தாளின் மேல் நிற்கிறது. என் தாள் ஒரு ஸ்டிக்கரின் மேல் நிற்கிறது.

காலையில் முதல் வேலையாகத் தப்பைச் சொல்லிவிட வேண்டும்.

21 ஜனவரி, செவ்வாய்

சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆபீசில் முதலாளியோடு இசக்கிப்பாண்டியும் உட்கார்ந்திருந்தார். முதலாளி மனைவியின் தம்பி. பழைய இயந்திரங்களை வாங்கி விற்கிறவர். இந்த டிராக்டரும் அவர் கொண்டுவருவதுதான். அதாவது விற்பவரும் வாங்குபவரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள். நடுவில் கணக்குப் போட என்னை எதற்கு வைத்தார்கள் என்று தெரியவில்லை.

“நேத்து போதும்னு எழுதி கோடு வேற போட்டிருந்த. இன்னைக்கு போதாதுன்னு சொல்லுத,” என்றார் முதலாளி. “ராத்திரிக்குள்ள டிராக்டரு மெலிஞ்சு போச்சோ?”

“அத்தான், பாப்பாவுக்குப் படிப்பு ஏற ஏற வண்டிக்கு ஹெச்.பி. எறங்குது,” என்றார் இசக்கிப்பாண்டி.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடியும்வரை நின்றேன்.

“தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. அஞ்சடி புல்வெட்டிய இந்த வண்டி இழுக்காது. நாலடி மாட்டுனா இருபது ஹெச்.பி. போதும். கையில இருபத்து மூணு இருக்கு. மிச்சமும் இருக்கும்.”

“நாலடியா? அகலத்தக் கொறைக்கதுக்கா நான் வண்டி வாங்குதேன்?”

இசக்கிப்பாண்டி பையிலிருந்து பளபளப்பான ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். தூக்கும் திறன் தொள்ளாயிரத்து எண்பது கிலோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“ஒரு டன்னு அத்தான். இருபது கிலோதான் கொறச்சல். அதுவும் நம்ம கிருஷ்ணப்பன் ஓட்டுனா தூக்கிரும்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. அவருக்குப் பிடித்த சொல் வந்துவிட்டது.

நான் காகிதத்தைப் படித்தேன். அந்தத் தொள்ளாயிரத்து எண்பது டிராக்டரின் பின்கொக்கிக்கு. கலப்பையைத் தூக்குகிற இடம். முன்னால் மாட்டும் லோடருக்குத் தனியாகக் கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் நானூறு கிலோ என்று இருந்தது. அதையும் சொன்னேன்.

“முன்னால பின்னால எல்லாம் ஒரே ஆயில் பம்புதாம்மா,” என்றார் இசக்கிப்பாண்டி. “ஒரே ரத்தந்தான ஓடுது. வலது கை தூக்குதத எடது கை தூக்காதா?”

“வண்டிக்குக் கை கெடையாதுண்ணாச்சி.”

முதலாளி கையைத் தூக்கி நிறுத்தினார். “ஒரு தப்பு பண்ணிட்டேன்னு நீயே சொல்லுத. அப்ப இப்ப சொல்லுதது மட்டும் சரின்னு நான் எப்படிம்மா நம்ப?”

அது நியாயமான கேள்வி. என் எரிச்சலே அதுதான். திங்கட்கிழமைத் தப்பை நான் மறைத்திருந்தால் செவ்வாய்க்கிழமை உண்மையை அவர் கேட்டிருப்பார். இருபத்து மூன்றை ஒப்புக்கொண்டு நானூறைப் பறிகொடுத்தேன்.

கடைசியில் வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சரியாக இருந்தால் அன்று மாலையே வாங்கிவிடுவாராம். சரியா இல்லையா என்று யார் சொல்வது என்று நான் கேட்கவில்லை.

22 ஜனவரி, புதன்

இன்று சேற்றை எடை போட்டேன். வடிகாலிலிருந்து இருபது லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்றில் சேற்றை விளிம்புவரை அள்ளி, ஸ்டோர்ஸ் தராசில் வைத்தேன். டப்பாவின் எடை போக முப்பத்து மூன்று கிலோ. லோடரின் பக்கெட் இருநூற்று எண்பது லிட்டர். விளிம்புவரை நிரம்பினால் நானூற்று அறுபத்திரண்டு கிலோ. அனுமதி நானூறு. மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். இந்தத் தடவை அடிக்கோடு போடவில்லை.

கிருஷ்ணப்பன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்து பார்த்தார்.

“இன்னா பாப்பா, சேத்த நிறுத்துகினு கீற? காசிமேட்டு மீன் ஏலத்துக்கு அனுப்பப் போறியா?”

“உங்க பக்கெட்டுக்குத்தாண்ணா. ரொப்புனா நானூத்தறுபது கிலோ வருது. முக்காவாசிக்கு மேல அள்ளாதீங்க.”

“நானூத்தறுபதா? நானு மூணு டன்ன ஒத்தக் கையில திருப்புனவன். ஆர்பர்ல வந்து கேட்டுப் பாரு, கிருஷ்ணப்பன் ஒரு பெட்டியக் கீழ போட்டானான்னு.”

“வண்டி வேறண்ணா. பின்னாடி வெயிட்டு மாட்டணும்னு புக்ல போட்டுகீது.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இரக்கமானது. “தூக்கற வண்டின்னாலே பின்னாடி வெயிட்டு வச்சித்தான் கம்பெனிக்காரன் அனுப்புவான் பாப்பா. இல்லாங்காட்டி அது எப்புடித் தூக்கும்? மூஞ்சி குத்திக்காது?”

ஃபோர்க்லிஃப்ட்டின் வாலில் வார்ப்பிரும்பு எடை இருக்கும் என்பது எனக்கும் தெரியும். வண்டியோடு பிறந்தது, கழற்ற முடியாதது. டிராக்டரின் வாலில் அப்படி ஒன்றும் கிடையாது. புல்வெட்டியோ எடைப் பெட்டியோ நாமாகத் தொங்கவிட்டால்தான் உண்டு. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவருக்குப் பத்தொன்பது வருடம், எனக்கு மூன்று செமஸ்டர். அதுவும் திங்கட்கிழமை தப்பு செய்தவள். விழுங்கிவிட்டேன்.

புதிய தாளில் ‘பின்பக்க எடை’ என்று எழுதி எதிரில் ஒரு கேள்விக்குறி போட்டேன். தெரிந்த விஷயத்துக்குக் கேள்விக்குறி போடுகிறவளை என்ன சொல்வது? தெரியாதவர்களாவது நிம்மதியாகப் பேசுகிறார்கள்.

23 ஜனவரி, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. ஆரஞ்சு நிறம். ஸ்டிக்கர் புதிது, டயர் பழையது. இசக்கிப்பாண்டி அதற்கு மாலை போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

முதலில் புல். ஐந்தடிப் புல்வெட்டியைப் பின்னால் மாட்டி, கிருஷ்ணப்பன் மெதுவான கியரில் இறக்கினார். பத்தடிவரை அழகாகப் போனது. அதற்குள் முதலாளி கைதட்டிவிட்டார். பிறகு ஈரமான கோரை வந்தது. எஞ்சின் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் இழுத்தது. புகை கறுத்தது. அரை அகலத்துக்கு மட்டும் புல்லைக் கொடுத்தால் இழுக்கும் என்று கத்தினேன். கிருஷ்ணப்பன் அதைக் கேட்டு வண்டியை ஓரமாக ஒதுக்கினார். எஞ்சினின் மூச்சு திரும்பியது.

“என்னவே, அஞ்சடி வாங்கி ரெண்டரையடியா வெட்டுதீரு?” என்றார் முதலாளி. “முழுசா விடும்!”

முழுசாக விட்டார். கூடவே இசக்கிப்பாண்டி வேகத்தைக் கூட்டச் சொன்னார். டப்பென்று ஒரு சத்தம். தண்டு முறியாமல் காப்பதற்கென்றே, முதலில் உடையட்டும் என்று ஒரு போல்ட் வைத்திருப்பார்கள். அது உடைந்தது. அந்த இடத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்தது அந்த ஒரு போல்ட்தான்.

“ஓட்டிப் பழகணும் அத்தான், புது வண்டில்லா,” என்றார் இசக்கிப்பாண்டி. வண்டிக்கு வயது ஆறு.

புதுப் போல்ட் போட்டு, மதியத்துக்கு மேல் சேற்று வேலை. வடிகாலை ஒட்டிச் சற்றுத் தள்ளி டிப்பர் லாரி நின்றது. வேலை இவ்வளவுதான்: அள்ள வேண்டும், பின்னால் வர வேண்டும், திரும்பி லாரியில் கொட்ட வேண்டும்.

கிருஷ்ணப்பன் இருக்கையில் ஏறுவதற்கு முன் பின்பக்கம் போய்ப் புல்வெட்டியைப் பார்த்தார். “இத்தக் கழட்டிடலாமா? பின்னாடி தொங்கிகினு கீது. பேஜாரு.”

“கழட்டாதீங்கண்ணா,” என்றேன். “அது இருக்கட்டும்.”

“எதுக்கு இருக்கட்டும்?” என்று கேட்டது முதலாளி. “சேறு அள்ளும்போது புல்லு வெட்டப் போறாரா?”

“இருநூத்தறுபது கிலோ கீது அண்ணாச்சி. பின்னாடி அந்த வெயிட்டு—”

“சும்மா கெடக்க இருநூத்தறுபது கிலோவையும் சொமந்துக்கிட்டு டீசலக் குடிக்கணுமோ? கழட்டும்வே.”

கழற்றினார்கள். நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

முதல் பக்கெட் அரைகுறையாக அள்ளியதால் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி “ரொப்பும்! ரொப்பும்!” என்றார். இரண்டாவது பக்கெட் விளிம்புக்கு மேல் குவிந்தது. கிருஷ்ணப்பன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே திருப்பினார். ஃபோர்க்லிஃப்ட்டில் திரும்புவது பின்சக்கரம். வால் வீசி எதிலாவது இடித்துவிடும் என்பதால் பின்னால் பார்த்துக்கொண்டே திருப்புவது பத்தொன்பது வருடப் பழக்கம். அவர் பின்னால் பார்த்தார். டிராக்டரின் வால் எங்கும் வீசவில்லை. முன்சக்கரம் வடிகாலின் ஈரமான ஓரத்தில் இறங்கியது.

பின்பக்க இடது டயர் தரையை விட்டது. முதலில் இரண்டு விரல், பிறகு ஒரு சாண். டயர் காற்றில் சும்மா சுற்றியது. கிருஷ்ணப்பன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் சாய்ந்தால் குதிக்காதே, பிடித்துக்கொண்டு உட்கார் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் வடிகாலின் கான்கிரீட் பள்ளம்.

“பக்கெட்ட எறக்கு! ணா! பக்கெட்ட எறக்கு!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் கை நெம்புகோலைத் தள்ளியது. பக்கெட் விழுந்தது. டயர் தரையில் மோதிய சத்தத்தில் கன்டெய்னர் மேலிருந்த காகங்கள் எல்லாம் எழுந்து போயின.

கிருஷ்ணப்பன் இறங்கி, வண்டியின் பின்பக்கம் நடந்து போய், அங்கே ஒன்றுமில்லாததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் தோல் உரிந்திருந்தது. வேறு காயமில்லை.

“இவருக்கு ஓட்டத் தெரியல,” என்றார் முதலாளி. அதுதான் முதல் வார்த்தை.

“ஹெச்.பி. பத்தல அத்தான்,” என்றார் இசக்கிப்பாண்டி. “எங்கிட்ட நாப்பத்தஞ்சு ஒண்ணு கெடக்கு.”

காலையில் போதும் போதும் என்று விற்ற வாய். நாற்பத்தைந்து ஹெச்.பி. வண்டி ஒன்பதடி இடத்தில் எப்படித் திரும்பும் என்று அவரிடம் கேட்க வேண்டும். சேறு அள்ளுவதற்கு ஹெச்.பி. எங்கே வந்தது? புல்லுக்குத்தான் தண்டில் சக்தி வேண்டும். சேற்றைத் தூக்க ஆயில் அழுத்தமும், அதைவிட முக்கியமாகப் பின்னால் பாரமும் வேண்டும். பாரமில்லாமல் நாற்பத்தைந்தும் கவிழும். இன்னும் பெரிய பக்கெட்டோடு, இன்னும் கௌரவமாகக் கவிழும்.

“ஊர்லருந்து டிராக்டர் ஓட்டிப் பழகுன பயல ஒருத்தன வரச் சொல்லுதேன்,” என்றார் முதலாளி. கிருஷ்ணப்பன் காதில் விழும்படிதான் சொன்னார்.

மாலை ஐந்துக்குப் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து போன். கேமராவில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நாளை பகல் பன்னிரண்டுக்குள் எழுத்தில் அறிக்கை வேண்டும். “ஆபரேட்டர் தப்புன்னு எழுதிரும்மா,” என்றார் முதலாளி. “ரெண்டே வரி போதும்.”

வகுப்புக்குப் போகவில்லை. இன்று வால்டரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு லாபம்.

24 ஜனவரி, வெள்ளி

வண்டியை ஏற்றிப் போக இசக்கிப்பாண்டியின் ஆள் மதியம்தான் வருவான் என்று தெரியும். முதலாளி ஒன்பதரைக்குமுன் வந்ததில்லை. அதனால் ஏழு மணிக்கே யார்டில் இருந்தேன். கிருஷ்ணப்பனும் வந்திருந்தார், கணக்கு முடித்துக்கொண்டு போக. முதலாளி வருவதற்குள் இன்னொரு முறை சேறு அள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டதும் தலையாட்டி மறுத்துவிட்டார்.

“வேணா பாப்பா. இத்தினி வர்சத்துல ஒரு பெட்டி கீழ வுட்டதில்ல. நேத்து என்னையே கீழ வுடப் பாத்துச்சி அந்தக் கயிதை.”

“அதுல தப்பு ரெண்டு பேருக்கும் கீதுணா. பின்னாடி வெயிட்டு கீதுன்னு நீங்க நெனச்சீங்க. இல்லன்னு எனக்குத் தெரியும். சொல்லல.”

“தெரியுமா?”

“புதன்கெழமையே தெரியும்.”

அவர் என்னை முறைத்தார். அப்போது அவர் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். “நல்லா வருவ பாப்பா,” என்றார். “வாய வாடகைக்கி வுட்டுகீறியா?”

பிறகு அவரே போய்ப் புல்வெட்டியைப் பின்னால் மாட்டினார்.

பக்கெட்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அதுவரை அள்ளினால் முந்நூற்றெட்டு கிலோ. நகரும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. லாரிக்கு நேராக நின்றபின்தான் தூக்க வேண்டும், தூக்கியபின் திருப்பக் கூடாது. இதெல்லாம் வண்டியின் புத்தகத்தில் இருப்பதுதான். இசக்கிப்பாண்டி செவ்வாய்க்கிழமையே அதைப் பிரிக்காமல் கொடுத்திருந்தார். கடைசியாக ஒன்று மட்டும் புத்தகத்தில் இல்லாதது. “பின்னாடி பாக்காதீங்கணா. இந்த வண்டிக்கு மூஞ்சிதான் திரும்பும்.”

முதல் மூன்று பக்கெட்டுக்கு அவர் கழுத்து தானாகப் பின்னால் போனது. ஒவ்வொரு தடவையும் “மூஞ்சி!” என்று கத்தினேன். நான்காவதிலிருந்து அவரே “மூஞ்சி, மூஞ்சி” என்று சொல்லிக்கொண்டே திருப்பினார். பின்டயர் ஒரு தடவையும் தரையை விடவில்லை. ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தேன். ஒன்பதரைக்குள் முப்பத்தெட்டு மீட்டர் வடிகால் சுத்தமாகிவிட்டது. அதே வண்டி, அதே ஆள், அதே இருபத்தேழு.

முதலாளி வந்து காரிலிருந்து இறங்காமலே பார்த்தார். பிறகு இறங்கி வந்தார்.

“நேத்தே இப்பிடி ஓட்டிருக்கலாம்லா?” என்றார் கிருஷ்ணப்பனிடம்.

“நேத்து பின்னாடி மொட்டையா இர்ந்திச்சி அண்ணாச்சி,” என்றார் கிருஷ்ணப்பன்.

ஆபீசில் அறிக்கையைக் கொடுத்தேன். இரண்டு வரியில்லை, ஒரு பக்கம். இயந்திரத்தில் கோளாறு இல்லை. பின்பக்க எடை இல்லாமல், அளவுக்கு மேல் அள்ளி, உயர்த்திய நிலையில் திருப்பப்பட்டது. எடையாக இருந்த புல்வெட்டியைக் கழற்றச் சொன்னவர் திரு. மாசானம். அளவுக்கு மேல் நிரப்பச் சொன்னவரும் அவரே. எடை இல்லாததை முன்பே அறிந்தும் தாளில் கேள்விக்குறி மட்டும் போட்டவர் ஸ்டோர்ஸ் கிளார்க் உஸ்மா.

அவர் மெதுவாகப் படித்தார். அவர் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

“இது யாரு படிக்க?”

“பாதுகாப்பு அதிகாரி. அவருகிட்ட வீடியோவும் கீது அண்ணாச்சி. நீங்க கை காட்டுறது தெரியும். சத்தம் மட்டும் இல்ல.”

தாளை என் பக்கம் தள்ளினார். “எம் பேரு இருக்க வரிய எடு.”

“எடுத்தா, ஆபரேட்டர் தப்புங்கிற வரியும் வராது.”

“வராண்டாம்.”

“கிருஷ்ணப்பண்ணாதான் ஆபரேட்டர்னு அதுலயே எழுதணும். நிரந்தரம்னு.”

“பேரம் பேசுத.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பயத்தில்தான் சொல்லவில்லை, அவர் அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டார். “எழுது,” என்றார்.

பிறகு இசக்கிப்பாண்டிக்கு அவர் போன் செய்ததைக் கேட்டுக்கொண்டே அறிக்கையைத் திருத்தினேன். “நாப்பத்தஞ்செல்லாம் வேண்டாம்ல. இந்த வண்டியே இருக்கட்டும். புல்வெட்டிய மட்டும் நாலடியா மாத்து. வண்டிக்குத் தக்கனதான் மாட்டணும், ஒனக்கு அதுகூடத் தெரியலையே!” குரலில் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. செவ்வாய்க்கிழமை நான் சொன்ன வாக்கியம், வெள்ளிக்கிழமைக்குள் அவர் பிறவியிலேயே அறிந்த விஷயமாகிவிட்டது.

பதினொன்றே முக்காலுக்கு அறிக்கை போனது. கிருஷ்ணப்பனின் பெயர் அதில் ஆபரேட்டர் என்று இருக்கிறது, குற்றவாளி என்று இல்லை. முதலாளியின் பெயர் எங்கும் இல்லை. தவறு செய்தவராகப் பெயரோடு இருப்பது நான் மட்டும். அந்த வரியை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதில் எழுதியிருப்பது உண்மை. எழுதாமல் விட்டதும் உண்மை. பாதியை விற்று ஒரு ஆளின் வேலையை வாங்கியிருக்கிறேன். இது சரியா என்று கணக்குப் போட எனக்குச் சூத்திரம் தெரியவில்லை. முதலாளிக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டார்.

நாளை சனிக்கிழமை. ஏழு மணிக்குப் பழைய ஆயில் டிரம் ஒன்றைக் குறுக்கே வெட்டி, கம்பி வைத்து, கான்கிரீட் ஊற்றி, பின்கொக்கிக்கு எடை செய்ய வேண்டும். அளவு இருநூற்று அறுபது கிலோ. ஊற்றுவதற்கு முன் மணல், ஜல்லி, சிமென்ட் மூன்றையும் தனித்தனியாகத் தராசில் நிறுத்துக்கொள்ள வேண்டும். இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை புல்வெட்டியைக் கழற்றாமல் வடிகாலை முப்பத்தெட்டாவது மீட்டரிலிருந்து தொடர வேண்டும்.